டைவிங்குக்கு பூதக்கண்ணாடி வாங்கப் போறீங்களா? என் கதைய கேட்டுட்டு வாங்குங்க

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப்போட்டுட்டே இருந்தேன். நேத்து "ரீஃபண்ட் தர இயலாது"ன்னு கடைசி மெயிலும் வந்துருச்சு, இனிமே என்ன இருக்கு, எழுதிடுறேன். கடலுக்கடியில குட்டி குட்டி ஜீவன்கள பாக்குறதுக்குன்னே "அண்டர்வாட்டர் மேக்னிஃபையர்"னு ஒண்ணு ஆன்லைன்ல விக்கிறாங்களே, டைவ் பண்றவங்க, அதுலயும் நாப்பத தாண்டினவங்க, அத கார்ட்ல போடுறதுக்கு முன்னாடி இத ஒருவாட்டி படிச்சிடுங்க.

எனக்கு 47 வயசு. டைவ் ஆரம்பிச்ச புதுசுல ஆமை, திருக்கை, சுறான்னு பெருசா எதாவது வந்தாதான் எனக்கு அது டைவ். இப்ப அப்படியே தலைகீழ். ஒரே ஒரு பாறைய சுத்தி அரைமணி நேரம் கெடப்பேன், குச்சி மாதிரி ஆடிக்கிட்டு நிக்கிற எலும்புக்கூடு இறால், ஆட்டுக்குட்டி மூஞ்சியோட பச்சையா ஒரு கடல் நத்தை இருக்கே (சாப்பிட்ட பாசியில இருந்து பச்சையத்த எடுத்து தன் உடம்புலயே வச்சிக்கும், ஆளு முழுசா ஒரு சென்டிமீட்டர் கூட தேறாது), இதெல்லாம்தான் இப்ப பைத்தியம். ஆனா பாழாப்போன கண்ணு ஒத்துழைக்கணுமே. வெள்ளெழுத்து வந்துருச்சு. கைடு காட்டுவான், நான் தலைய ஆட்டுவேன், உண்மையில தெரிஞ்சது ஒரு தூசி.

அப்பதான் இந்த லென்ஸ் கண்ணுல பட்டுச்சு. உள்ளங்கை சைஸ்ல வட்டமா ஒரு பிளாஸ்டிக் லென்ஸ், கைப்பிடி, தொலஞ்சு போகாம இருக்க ஒரு கயிறு, கிளிப். "5 எக்ஸ், 100 சதவீதம் வாட்டர்ப்ரூஃப், டைவிங்குக்கு ஏற்றது"ன்னு போட்ருந்தான். கூடவே ஒரு வீடியோ, அதுல ஒரு குட்டி இறால் லென்ஸ் வழியா பூதம் மாதிரி பெருசா தெரியுது. ரிவ்யூ எல்லாம் அஞ்சு ஸ்டார். டக்குனு ஆர்டர் போட்டுட்டேன். வந்ததும் வீட்ல பேப்பர் மேல வச்சு பாத்தேன், எழுத்து நல்லாவே பெருசாச்சு, சந்தோஷமா பையில போட்டேன். பக்கெட்ல ஒருவாட்டி முக்கி பாக்கணும்னு தோணவே இல்ல பாருங்க, அங்கதான் நான் கோட்டை விட்டது.

அந்த ட்ரிப்ல நான் பாக்கணும்னு போனது பிக்மி கடல் குதிரை. அதோட அறிவியல் பேரு ஹிப்போகேம்பஸ் பார்கிபான்டி, முழுசா வளந்தாலே ரெண்டு, ரெண்டரை சென்டிமீட்டருக்குள்ளதான், அதுவும் கடல் விசிறி (விசிறி மாதிரி விரிஞ்சு வளர்ற ஒரு வகை பவளம்) மேல ஒட்டிக்கிட்டு விசிறியோட மொட்டு மாதிரியே உடம்பெல்லாம் முடிச்சு முடிச்சா நிறமும் அதே நிறமா இருக்கும். இத மொதல்ல கண்டுபிடிச்ச பார்கிபான், 1969ல பசிபிக் கடல்ல இருக்கிற நியூ கலிடோனியா தீவுல நூமியா அக்வேரியத்துக்காக கடல் விசிறி சேகரிச்சப்போ, விசிறிய மேல கொண்டுவந்து பாக்கும்போதுதான் அதுல இது ஒட்டியிருக்கிறதே தெரிஞ்சுதாம். அவருக்கே அந்த கதின்னா நம்ம நெலமைய யோசிச்சுக்கோங்க.

24 மீட்டர் ஆழம். கைடு தம்பி குச்சியால விசிறியில ஒரு எடத்த காட்டுறான், நான் பக்கத்துல போய் ஜம்முனு லென்ஸ தூக்கி மாஸ்க் முன்னாடி பிடிக்கிறேன். ஒண்ணுமே ஆகல. சத்தியமா சொல்றேன், ஜன்னல் கண்ணாடி வழியா பாக்குற மாதிரி இருந்துச்சு, விசிறி எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு. கிட்ட கொண்டு போறேன், தள்ளி பிடிக்கிறேன், திருப்பி பிடிக்கிறேன், மாஸ்க்ல மூடுபனியோன்னு ஒருவாட்டி தண்ணி விட்டு கழுவி பாக்குறேன், அதுக்குள்ள பாயன்சி (மெதக்குற பேலன்ஸ்) போய் மெல்ல கீழ எறங்குறேன், என் கால்ல மாட்டியிருக்கிற ஃபின் அந்த விசிறிய தட்டுறதுக்கு ஒரு சாண் இருக்கும்போது கூட ஜோடியா டைவ் பண்ற என் படி (buddy) என் டேங்க்க பிடிச்சு பின்னாடி இழுத்துட்டான். டைவ் கம்ப்யூட்டர பாத்தா அந்த ஆழத்துல பாதுகாப்பா இருக்க இன்னும் மூணு நிமிஷம்தான் பாக்கி. ஏறிட்டோம்.

போட்ல ஏறினதும் தம்பி கேக்குறான், "அண்ணே பாத்தீங்களாண்ணே? ஜோடியா இருந்துச்சு, ஆணு வயிறு உப்பிப்போய் நின்னுச்சுண்ணே, குட்டி போடுற நேரம்." நான் என்னத்த சொல்ல.

வீட்டுக்கு வந்து கடுப்புல பேசிட்டு இருந்தப்போ பன்னெண்டாவது படிக்கிற என் தங்கச்சி பொண்ணு சிரிச்சிட்டா. "மாமா, இது எங்க பாடத்துலயே இருக்கு"ன்னு சொல்லி ஒரு பக்கெட் தண்ணி, ஒரு காசு, அந்த லென்ஸ், மூணையும் வச்சு காட்டினா. மேட்டர் என்னன்னா லென்ஸ் வெளிச்சத்த வளைக்கிறது அதோட ஒளிவிலகல் எண்ணுக்கும் (ஒரு பொருள் வெளிச்சத்த எவ்ளோ வளைக்கும்ங்கற அளவு) சுத்தி இருக்கிற பொருளோட எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தால. காத்துக்கு 1, தண்ணிக்கு 1.33, அக்ரிலிக் பிளாஸ்டிக்குக்கு 1.49. காத்துல இருக்கும்போது அந்த வித்தியாசம் பெருசு, தண்ணிக்குள்ள போனா ரொம்ப குறைஞ்சு போயிடும். கணக்கு போட்டா பவர் கிட்டத்தட்ட கால்வாசிதான் மிஞ்சும், அதாவது 10 சென்டிமீட்டர் குவியதூரம் (லென்ஸ்ல இருந்து வெளிச்சம் ஒரு புள்ளியா குவியுற தூரம்) உள்ள லென்ஸ் தண்ணிக்குள்ள 40 சென்டிமீட்டர் ஆயிடும். சாதா கண்ணாடி லென்ஸும் பெருசா ஒண்ணும் உசத்தி இல்ல, கொஞ்சம் தேவல, அவ்ளோதான். மாஸ்க் இல்லாம தண்ணிக்குள்ள கண்ண தெறந்தா எல்லாம் மங்கலா தெரியுறதும் இதே காரணம்தான், நம்ம கருவிழி காத்துல செய்யுற வேலைய தண்ணி தின்னுடுது. மீனுக்கு தண்ணிக்குள்ள அந்த வேலையையும் லென்ஸே செய்யணும், அதனாலதான் கண்ணுக்குள்ள லென்ஸ் கோலிகுண்டு மாதிரி உருண்டையா இருக்குன்னு எனக்கு அன்னிக்குதான் வெளங்குச்சு.

இன்னொரு கூத்து, சுவத்துல ஜன்னல் வெளிச்சத்த விழ வச்சு குவியதூரத்த அளந்தோம். 10 சென்டிமீட்டர். 25 சென்டிமீட்டர அதால வகுத்தா வர்றதுதான் எத்தன மடங்குங்கற கணக்கு, அப்படின்னா காத்துலயே அது 2.5 எக்ஸ்தான், 5 எல்லாம் கெடையாது.

கஸ்டமர் கேர் சாட்ல போய் இதெல்லாம் விளக்கி எழுதினேன். பதில்: "சார், பொருளுக்குள்ள தண்ணி புகுந்துச்சா?" ஒரே துண்டு பிளாஸ்டிக்குங்க, எங்க போய் புகும்னேன். "அப்போ வாட்டர்ப்ரூஃப் சரியாதான் சார் இருக்கு." எனக்கு சிரிக்கிறதா அழுவுறதான்னு தெரியல. விடாம ஒரு வாரம் நச்சரிச்சதுல, "எங்க டைவ் மாடல் வேற இருக்கு, வித்தியாசத் தொகைய கட்டினா மாத்தி தர்றோம்"னாங்க. கட்டினேன். ஆமா, மறுபடியும் கட்டினேன், திட்டாதீங்க.

அந்த ரெண்டாவது மாடலோட ஐடியா நெசமாவே சரியானது, அத நான் மறுக்கல. ரெண்டு பக்கமும் தட்டையான கண்ணாடி, நடுவுல காத்து, அந்த காத்துக்குள்ள லென்ஸ். லென்ஸ சுத்தி எப்பவும் காத்துதான்ங்கறதால தண்ணியிலயும் பவர் அப்படியே இருக்கும். இந்த தடவ பக்கெட்ல முக்கி பாத்தேன், காசு சூப்பரா பெருசா தெரிஞ்சுது. ஆனா பக்கெட்ல ஏது அழுத்தம்? 18 மீட்டர்ல ஒரு சதுர சென்டிமீட்டருக்கு மேல கிட்டத்தட்ட 1.8 கிலோ கூடுதலா அழுத்தும், ஆறு சென்டிமீட்டர் வட்டத்துக்கு கூட்டினா ஒரு பக்கத்துக்கு மட்டும் 50 கிலோ. ஒரு ஆளு ஏறி நிக்கிற மாதிரி. இவங்க ஒட்டியிருந்தது ஏதோ சாதா பசை, ஓ-ரிங் (தண்ணி புகாம தடுக்குற ரப்பர் வளையம்) கூட கெடையாது.

அந்த டைவ்ல மொத பத்து நிமிஷம் நான் சொர்க்கத்துல இருந்தேன். ஒரு கடல் நத்தையோட முதுகுல இருக்கிற செவுள் ஒவ்வொண்ணா விரியுறத பாத்தேன். அப்புறம் கீழ எறங்க எறங்க லென்ஸுக்குள்ள அரை நெலா மாதிரி தண்ணி ஏறுது, மேல் பாதியில பெருசா தெரியுது, கீழ் பாதியில சாதாவா தெரியுது, ஒரே நத்தைக்கு ரெண்டு சைஸ்ல தலையும் வாலும். மேல வந்து காய வச்சா உள்ள உப்பு பூத்துப்போய் நிரந்தரமா மங்கிடுச்சு. கிளிப்பும் துரு பிடிச்சிருச்சு, ஸ்டெயின்லெஸ்னு போட்ருந்தான்.

மறுபடி கம்ப்ளைன்ட். வீடியோ அனுப்புங்கன்னாங்க, அனுப்பினேன். பில் கேட்டாங்க, குடுத்தேன். கடைசியா நேத்து வந்த பதில் இதுதான்: பொருள் தண்ணியில பயன்படுத்தப்பட்டதால வாரண்டி செல்லாது. டைவிங் லென்ஸ்ங்க அது! பெட்டிக்குள்ள மடிச்சு வச்சிருந்த காகிதத்துல எறும்பு எழுத்துல "5 மீட்டர் வரை"ன்னும் போட்ருக்காம், அத படிக்கவே ஒரு நல்ல பூதக்கண்ணாடி வேணும்.

சரி, வாங்குறவங்க என்ன பண்றது. யார் வித்தாலும் கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணே ஒண்ணுதான், பவர் எவ்ளோன்னு சொல்றீங்களே அது காத்துலயா தண்ணியிலயா? கேமரா ஹவுசிங் (தண்ணி புகாத கேமரா பெட்டி) முன்னாடி தண்ணிக்குள்ளயே மாட்டுற, குட்டி ஜீவன்கள பெருசா படம் எடுக்குற நல்ல மேக்ரோ வெட் லென்ஸ் பண்றவங்க தண்ணிக்குள்ள எவ்ளோன்னு சொல்லுவாங்க, ஆழமும் சொல்லுவாங்க. பதில் சுத்தி வளைச்சு வந்துச்சுன்னா நகந்துடுங்க. கையில கெடச்சா முழுசா முக்கி பாருங்க, முழுசான்னா ரெண்டு பக்கமும் தண்ணியில இருக்கணும், பாதி மெதக்க விட்டா மேல் பக்கம் காத்துல இருக்கறதால பவர் இருக்குற மாதிரி ஏமாத்தும்.

வெள்ளெழுத்து மட்டும்தான் பிரச்சனைன்னா இந்த கருமமே வேண்டாம். மாஸ்க்குக்கு உள்பக்கம் கீழ ஒட்டுற மெல்லிசான ரீடிங் லென்ஸ் இருக்கு, மாஸ்க்குக்குள்ள காத்துதானே, பவர் குறையாது. நான் இப்ப அதுதான். ஒரு விஷயம் மட்டும், தட்டை மாஸ்க் வழியா பாக்கும்போது பொருள் நெஜ தூரத்துல முக்கால்வாசி தூரத்துலயே இருக்கிற மாதிரி கண்ணு உணரும், அதனால வீட்ல படிக்கிற கண்ணாடியோட பவரயே எடுத்தா கிட்டத்துல கொஞ்சம் மங்கலா இருக்கலாம், எனக்கு வழக்கமான பவர விட 0.5 அதிகமா எடுத்ததும் சரியாச்சு. மூடுபனி வராம இருக்க எச்சில் போட்டு தேய்க்கும்போது அது பிஞ்சு வரும், பாத்து தேய்ங்க.

அப்புறம் அந்த வீடியோ. இன்னிக்கும் அதே பக்கத்துல ஓடிட்டுதான் இருக்கு, அஞ்சு ஸ்டாரோட. இந்த மாதிரி வீடியோ எங்க பாத்தாலும் இறால பாக்காதீங்க, லென்ஸ பிடிச்சிருக்கிற கைய பாருங்க. நான் நேத்து நிறுத்தி நிறுத்தி பாத்தேன், லென்ஸ் மீன் தொட்டிக்கு வெளிய இருக்கு, கண்ணாடியில டியூப்லைட் தெரியுது, கை துளிகூட நனையல.