முழு சிந்தெற்றிக் ஒயில்: வன்னியில் எந்த எஞ்சினுக்குக் காசு கொடுக்கலாம்?

முழு சிந்தெற்றிக் (செயற்கை முறையில் செய்த எஞ்சின் ஒயில்) என்று எழுதிய கான், கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுத்த மினரல் ஒயில் அதே அளவைவிட இரண்டு மடங்குக்கு மேல் விலை போகிறது. சாமான் நல்லதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் வன்னியில் ஓடுகிற பெரும்பாலான எஞ்சின்களில் அந்த மேலதிகக் காசுக்கு வேலை இல்லை. வேலை இருக்கிற எஞ்சின்கள் சில உண்டு. அவற்றில் மிச்சம் பிடிக்கப் போனால் எஞ்சின்தான் செலவாகும்.

சிந்தெற்றிக்கின் பலம் மூன்று: கடுங்குளிரிலும் ஓடும், சூட்டில் சீக்கிரம் கெட்டியாகாது, கசடு குறைவு. அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ 2017-ல் வெளியிட்ட சோதனையில் சிந்தெற்றிக் சராசரியாக 47 வீதம் மேலாக நின்றது. அது ஆய்வுகூடச் சோதனை. அங்கே செம்மண் தூசும் மண்ணெண்ணெயும் கிடையாது. குளிர்க் கணக்கும் இங்கே செல்லாது. கானில் டபிள்யூவுக்கு முன்னுள்ள இலக்கம் குளிரில் ஓடும் தரம், பின்னுள்ளது சூட்டில் உள்ள தடிப்பு. 5டபிள்யூ ஒயிலை மறை 30 பாகை செல்சியசிலும் 20டபிள்யூ ஒயிலை மறை 15 பாகையிலும் சோதிக்கிறார்கள். மார்கழிப் பனியிலும் மல்லாவியில் 20டபிள்யூ தண்ணீராக ஓடும்.

இங்கே ஒயிலைக் கொல்வது வேறு. தண்ணீர்ப் பம்மை எடுங்கள். ஹொண்டா ஜிஎக்ஸ்160 எஞ்சினுக்குப் பிடிப்பது ஏறக்குறைய 0.6 லீற்றர். ஒயில் பில்டரே கிடையாது, உள்ளே தெறித்துத்தான் மசகு போகிறது. உள்ளே தேய்கிற இரும்புத்தூள் மாற்றும்வரை அந்த 600 மில்லியிலேயே சுற்றும். 100 மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது கையேடு. சிறுபோகத்தில் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நாளுக்கு 8 மணித்தியாலம் இறைத்தால் அது இரண்டு கிழமைகூட வராது. எந்த விலை ஒயிலும் இந்தக் கணக்கை நீட்டாது.

மண்ணெண்ணெயில் ஓடும் பம் என்றால் நிலைமை இன்னும் மோசம். எஞ்சின் சூடாகுமுன் மண்ணெண்ணெய்க்கு மாற்றினால், எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் றிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கி ஒயிலை நீர்க்கச் செய்யும். டிப்ஸ்டிக்கில் மட்டம் குறைவதற்குப் பதிலாக ஏறியிருந்தால், மணந்தும் பாருங்கள். அந்த ஒயில் முடிந்த கதை. பெற்றோலில் ஸ்ராட் பண்ணி 3 முதல் 5 நிமிடம் சூடாக்கி மாற்றுவதும், நிறுத்துமுன் பெற்றோலுக்குத் திருப்புவதும்தான் மருந்து. ஜிஎக்ஸ் எஞ்சினில் மட்டம் பார்க்கும்போது டிப்ஸ்டிக்கைத் திருகாமல் வைத்து எடுக்க வேண்டும். திருகிப் பார்த்தால் குறைந்த ஒயிலும் போதும்போலக் காட்டும்.

உழவு இயந்திரம். மசி 240-க்கு எஞ்சினில் மட்டும் ஏறக்குறைய 7 லீற்றர் வேண்டும்; விலை வித்தியாசம் உறைப்பது இங்கேதான். காலபோகத்துக்கு முன் புழுதி உழவில் ஓடுகிற எஞ்சினைக் காப்பது ஒயிலின் விலையல்ல, எயார் கிளீனர். ஒயில் கிண்ணம் உள்ள வகையென்றால் புழுதி உழவு நாட்களில் தினமும் கழற்றி, அடியில் சேறு படிந்திருந்தால் கழுவி, குறி மட்டத்துக்குப் புது ஒயில் விட வேண்டும். கிளீனருக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள றபர் ஹோசில் ஒரு வெடிப்பு இருந்தாலே மணல் நேராக உள்ளே போய் லைனரை (பிஸ்டன் ஓடும் குழாயை) அரைத்துவிடும். 15டபிள்யூ-40, சிஐ-4 என்ற டீசல் எஞ்சின் தரத்தில் நல்ல மினரல் ஒயிலைக் கையேடு சொன்ன மணித்தியாலத்தில் பில்டரோடு மாற்றினால் போதும். டீசல் எஞ்சினில் புது ஒயில் சில மணித்தியாலத்திலேயே கறுப்பது புகைக்கரியை ஒயில் தாங்குவதால். அதைக் காட்டி விலை கூடிய கானைத் தள்ளுகிறவர்களை நம்ப வேண்டாம். ஏற்கெனவே ஒயில் குடிக்கிற பழைய எஞ்சினுக்குச் சிந்தெற்றிக் விடுவது காசை எரிப்பதுதான்.

மோட்டார் சைக்கிளில் ஆபத்து வேறு இடத்தில். கிளச்சும் கியரும் எஞ்சினும் ஒரே ஒயிலில் குளிக்கின்றன. காருக்கான 5டபிள்யூ-30 சிந்தெற்றிக் 4 லீற்றர் கானில் மலிவாக வருகிறது என்று வாங்கிப் பங்கு போடுகிறார்கள். அதில் எரிபொருள் மிச்சத்துக்காகச் சேர்க்கும் வழுக்கும் மருந்து கிளச் பிளேற்றை வழுக்க வைக்கும். சத்தம் ஏறும், வேகம் ஏறாது. கானில் ஜாசோ (ஜப்பானிய ஒயில் தரம்) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்க வேண்டும். பல்சர் 150, பஜாஜ் நாலு ஸ்ரோக் ஓட்டோ இரண்டுக்கும் 20டபிள்யூ-50 மினரல் சரியாகப் போகிறது. கியர்ப் பற்கள் ஒயிலின் தடிப்பை நறுக்கிவிடும். கியர் விழும்போது கடகடப்புக் கூடினால் மாற்றும் காலம் வந்துவிட்டது. டியோ போன்ற ஸ்கூட்டியின் கிளச் ஒயிலுக்கு வெளியே இருப்பதால் 10டபிள்யூ-30, ஜாசோ எம்பி வகை போகும். மாற்றும்போது 0.7 லீற்றர்தான் பிடிக்கும். ஆசைப்பட்டால் இதற்குச் சிந்தெற்றிக் விடலாம், நட்டம் பெரிதில்லை.

கட்டாயம் காசு கொடுக்க வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று, அக்குவா போன்ற ஹைபிரிட் கார். 0டபிள்யூ-20 என்ற தரத்தை வெறும் மினரலில் செய்ய முடியாது. பில்டரோடு மாற்ற ஏறக்குறைய 3.7 லீற்றர் வேண்டும். எஞ்சின் நின்று நின்று எழும்புவதால் ஒயில் உடனே மேலே போக வேண்டும். வால்வு நேரத்தை மாற்றும் பகுதியும் ஒயில் அழுத்தத்தில்தான் இயங்குகிறது. “எங்கட வெயிலுக்குத் தடிச்ச ஒயில்தான் நல்லது” என்று 20டபிள்யூ-50 விடும் கராச்சுக்கு அந்தக் காரைக் கொண்டுபோகாதீர்கள்.

மற்றது டர்போ டீசல்: பிக்கப், நெல் வெட்டுமெசின். டர்போ பெயாரிங்கில் ஒயில் கருகிக் கரியாகப் படிவதைச் சிந்தெற்றிக் உண்மையில் குறைக்கிறது. அதை ஊற்றினாலும் நிறுத்துமுன் 2, 3 நிமிடம் ஐட்லிங்கில் விட வேண்டும்.

ஒரு சங்கதி: 1999-ல் அமெரிக்க விளம்பரத் தகராறு ஒன்றில் மொபில் ஒயில் கம்பனியின் முறைப்பாட்டுக்கு எதிராகக் கஸ்ரோல் கம்பனி வென்றது. அதன்பின், கச்சா எண்ணெயைக் கடுமையாகச் சுத்திகரித்த மூன்றாம் வகை ஒயிலையும் சிந்தெற்றிக் என்றே விற்கிறார்கள். ஆகவே முன்பக்கத்துப் பெரிய எழுத்தைவிடப் பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் பாருங்கள்: பெற்றோல் எஞ்சினுக்கு ஏபிஐ (அமெரிக்க ஒயில் தரம்) எஸ்என், எஸ்பி; டீசலுக்கு சிஐ-4; மோட்டார் சைக்கிளுக்கு ஜாசோ எம்ஏ2.

விலை கூடக் கூடப் போலியும் கூடும். மூடியின் வளையம் முறியாமல் இருக்கிறதா, உள்ளே அலுமினியத்தாள் ஒட்டியிருக்கிறதா, தொகுதி இலக்கம் அழிபடாமல் இருக்கிறதா என்று பார்த்து, முகவர் கடையில் பில்லோடு வாங்குங்கள். ஊற்றி முடிந்த கானை அப்படியே கராச்சில் விட்டுவராமல் அடியில் ஆணியால் துளை போட்டுவிடுங்கள். போலி ஒயில் அடைக்க, நல்ல நிலையிலுள்ள வெறுங்கானை வாங்குகிறவன் இருக்கிறான்.