மாதம் ஒரு சிட்டை: கீழமாசி வீதிப் பலசரக்குக் கடையுடன் பதினான்கு மாதங்கள்

நான் மதுரையில் செவிலியராகப் பணிபுரிகிறேன். வாரத்துக்கு வாரம் பணிநேரம் மாறும். கணவர் காலை ரயிலில் விருதுநகருக்குப் போய் இரவு எட்டு மணிக்குத்தான் வீடு திரும்புவார். பள்ளி செல்லும் இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியால் படியிறங்க முடியாத மாமியார் என ஐந்து பேர் உள்ள எங்கள் வீட்டில், கடைக்குப் போய்வர யாருக்கும் நேரம் வாய்ப்பதில்லை. அரைக் கிலோ சர்க்கரைக்கும் நூறு கிராம் சீரகத்துக்குமாக வாரத்தில் நான்கு முறை தெருமுனைக்கு ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்தி, மாதத்துக்கு ஒரே கொள்முதல் என்று வைத்துக்கொண்டு பதினான்கு மாதங்கள் ஆகின்றன. அதற்கு நாங்கள் நம்பியிருப்பது, விளக்குத்தூணுக்கு அருகே கீழமாசி வீதியில் மொத்தமாகவும் சில்லறையாகவும் விற்கும் ஒரு பலசரக்குக் கடையை. குறைகளையும் எழுதப் போவதால் பெயரைக் குறிப்பிடவில்லை; அந்த வீதியில் இதே முறையில் சிட்டை வாங்கிக்கொண்டு சரக்கு அனுப்பும் கடைகள் பல இருப்பதால், நான் சொல்வது அவற்றை நாடுகிறவர்களுக்கும் பயன்படும்.

முறை எளிமையானது. மாதக் கடைசியில் சிட்டையை எழுதி வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பிவிட்டால், மறுநாள் சரக்கைக் கட்டி, அதற்கடுத்த நாள் அண்ணா நகரில் உள்ள எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். முதல் மாதம் நேரில் நின்று பார்த்தேன். ஒருவர் சிட்டையை உரக்கப் படிக்க, மற்றவர் சாக்கிலிருந்து அள்ளித் தராசில் வைத்து, காகிதப் பையில் கொட்டி, நூலால் இறுக்கிக் கட்டுகிறார். கட்டிய பொருளுக்கு நேராகச் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு விழுகிறது. இல்லாத பொருளைச் சுற்றி ஒரு வட்டம் போடுகிறார்கள். சாக்கைப் பிரித்ததும் முதலில் கைக்கு வருவது கோடும் வட்டமும் போட்ட அந்தச் சிட்டையின் நகல்தான். மாமியார் அதைப் படிக்க, நான் பொட்டலங்களைச் சரிபார்த்து டப்பாக்களில் கொட்டி முடிக்க அரை மணி நேரம் ஆகும். வீட்டுத் தராசில் நிறுத்துப் பார்த்த எந்தப் பொட்டலமும் இதுவரை எடை குறைந்ததில்லை.

சிட்டையைச் சரியாக எழுதுவது நம் பொறுப்பு. தொடக்கத்தில் நாங்கள் தவறியதும் அங்கேதான். சென்ற மாதச் சிட்டையைப் பார்த்து அப்படியே எழுதியதில், மூன்றாம் மாதம் ரவை ஒன்றரைக் கிலோ சேர்ந்துபோய் வண்டு விழுந்தது. அதன்பிறகு மாமியார் சொன்னபடி, எவ்வளவு வாங்கினோம் என்பதை விட்டுவிட்டு எவ்வளவு சமைக்கிறோம் என்பதைக் கணக்கிட்டோம். வாரம் இரு முறை மாவு அரைக்கிறோம். ஒரு முறைக்கு இட்லி அரிசி ஒரு கிலோ, உளுந்து கால் கிலோ. ஆகவே மாதத்துக்கு அரிசி 8 கிலோ, உளுந்து 2 கிலோ. துவரம்பருப்பு நாளொன்றுக்கு 100 கிராம் என்றால் மாதம் 3 கிலோ. அதில் ஒரு கிலோவை ரேஷன் கடையில் 30 ரூபாய்க்கு வாங்கிவிடுவதால் சிட்டையில் 2 கிலோதான் ஏறும். கடுகு, வெந்தயம், மிளகு போன்றவற்றின் டப்பாக்களில் மாமியார் பெயின்டால் ஒரு கோடு இழுத்து வைத்திருக்கிறார். சரக்கு கோட்டுக்குக் கீழே இறங்கினால் மட்டுமே அந்தப் பொருள் சிட்டையில் இடம்பெறும். ரவை, கடலை மாவு, மைதா மூன்றையும் அரைக் கிலோவுக்கு மேல் எழுதுவதே இல்லை. ரவையை வந்த அன்றே வெறும் வாணலியில் வறுத்து ஆறவைத்து அடைத்துவிடுகிறோம். கீரை, காய்கறிகளை இந்த ஏற்பாட்டில் சேர்க்கவில்லை. அவற்றைக் கணவர் ஞாயிறுதோறும் உழவர் சந்தையில் வாங்கிவிடுகிறார்.

இந்தக் கடையை நான் விரும்புவதற்கு முக்கியமான காரணம் சாக்குச் சரக்கு. பேரங்காடியில் பருப்பும் அரிசியும் அரைக் கிலோ, ஒரு கிலோ உறைகளில் முன்கூட்டியே அடைத்து விற்கப்படுகின்றன. 2022 ஜூலை 18 முதல் இப்படி அடைத்து முத்திரையிட்டு விற்கும் 25 கிலோ வரையிலான அரிசி, பருப்பு, மாவு வகைகளுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. சாக்கிலிருந்து அள்ளி நிறுத்துத் தரும் பருப்புக்கு அந்த வரி கிடையாது. அரிசி மூட்டைகள் 26 கிலோவாக வரத் தொடங்கியதன் காரணமும் அதுவே. அந்த 26 கிலோ மூட்டை எங்களுக்கு 35 நாள் வரை வருகிறது. வரியைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று: பருப்பைக் கையில் அள்ளிப் பார்க்கலாம், இரண்டு மிளகாய் வற்றலை ஒடித்து முகரலாம், இட்லி அரிசி பழையதா புதியதா என்று கேட்டால் நேர்மையான பதில் கிடைக்கும். புது அரிசியில் மாவு உபரி காணாது, இட்லியும் பிசுபிசுக்கும். எட்டுக் கிலோவும் அப்படி அமைந்துவிட்டால் ஒரு மாதம் முழுக்க அதைத்தான் சாப்பிட்டாக வேண்டும்.

குறைகளுக்கு வருகிறேன். சென்ற ஆவணியில் வந்த துவரம்பருப்பு வழக்கமானதாக இல்லை. நிறமும் பருமனும் சற்று மாறியிருந்ததைச் சரிபார்க்கும்போது நான் கவனிக்கத் தவறினேன். மறுநாள் காலை ஐந்து விசில் விட்ட பின்னும் பருப்பு மசியாமல் முழுதாக நின்றது. பிள்ளைகள் வெறும் தயிர்ச் சோற்றுடன் பள்ளிக்குப் போனார்கள். கடைக்கு அழைத்து, "அண்ணாச்சி, பருப்பு மாறியிருக்கே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டேன். "நாட்டுப் பருப்பு வரத்து இல்லம்மா. பருப்பு இல்லாம சிட்டையை அனுப்பினா சங்கடப்படுவீங்கன்னு வேற போட்டு அனுப்பிட்டோம்" என்றார். அவர் எண்ணத்தில் பிழை காணவில்லை. ஆனால், மாதத்துக்கு ஒரு முறை மட்டும் வாங்கும் வீட்டுக்கு, இல்லை என்ற தகவல் மாற்றுப் பொருளைவிட மதிப்பு வாய்ந்தது. முன்கூட்டித் தெரிந்தால் அந்த ஒன்றை மட்டும் வேறிடத்தில் வாங்கி மாதத்தை ஓட்டிவிடலாம். பருப்பை மாற்றித் தர உடனே இசைந்தார்கள் என்றாலும், அதை நாங்களேதான் கடைக்குச் சுமந்து செல்ல வேண்டியிருந்தது. திரும்பப் பெற ஆள் அனுப்பும் வழக்கம் அவர்களிடம் இல்லை. அன்றுமுதல் சிட்டையின் தலைப்பில், "மாற்றுச் சரக்கு வேண்டாம், இல்லையென்றால் கட்டும் முன் அழையுங்கள்" என்று எழுதி அடிக்கோடிட்டு அனுப்புகிறேன்.

இன்னொரு குறை வண்டி வரும் நேரம். மதியத்துக்குள் என்று சொன்னால் மாலை நான்கு மணிக்கும் வரக்கூடும். இரவுப் பணி முடித்து உறங்குகிற நாளில் இது பெரிய சிரமம். மாமியார் மாடியிலிருந்து பேசி, சாக்கைக் கூடத்தில் இறக்கி வைக்கச் சொல்லும் ஏற்பாட்டுக்குப் பிறகே எனக்கு நிம்மதியானது.

கீழமாசி வீதியைச் சார்ந்திருப்பவர்கள் நாட்காட்டியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சித்திரைத் திருவிழாவில் திருக்கல்யாணத்துக்கு மறுநாள் தேர் நான்கு மாசி வீதிகளையும் சுற்றி வரும். அந்த நாட்களில் சரக்கு வண்டி உள்ளே நுழைவதைப் பற்றி நினைக்கவே முடியாது. கொடியேற்றத்துக்கு முன்பே அந்த மாதச் சிட்டையை அனுப்பிவிடுகிறோம். தீபாவளிக்கு முந்தைய பத்து நாட்களும் அப்படியே. அக்கம்பக்கத் துணிக்கடைக் கூட்டத்தில் வீதி அடைத்துக்கொள்ளும்.

புளி, மிளகாய் வற்றல், மல்லி மூன்றும் மாதச் சிட்டையில் வருவதில்லை. மாசி, பங்குனியில் புதுச் சரக்கு வரத்து தொடங்கியதும் கடையிலிருந்தே அழைத்துச் சொல்கிறார்கள். ஆண்டுக்குத் தேவையானதை அப்போதே வாங்கி, மிளகாயையும் மல்லியையும் மொட்டைமாடியில் காயவைத்து, கொட்டை நீக்கிய புளியைக் கல்லுப்புடன் அடுக்கிச் சாடியில் அடைத்துவிடுகிறோம். பொடியை மட்டும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மில்லில் கொடுத்து அரைத்துக்கொள்கிறோம். மொத்தமாக அரைத்து வைத்தால் மணம் போய்விடுகிறது. வாடிக்கையாளரின் ஆண்டுத் தேவையை நினைவில் வைத்து அழைத்துச் சொல்லும் இந்த அக்கறையை நான் வேறு எந்தக் கடையிலும் கண்டதில்லை.

மாதம் ஏழாயிரம் ரூபாயை ஒட்டிச் செலவாகிறது. முன்பு சில்லறையாக வாங்கியதற்கு நாங்கள் கணக்கே வைத்ததில்லை என்பதால், எவ்வளவு மிச்சம் என்று சொல்ல முடியாது. கையில் கிடைத்திருக்கும் மாலைப்பொழுதுகள் மட்டும் கண்கூடு. வீட்டில் சரக்கை வைக்க இடமும், மாதத் தொடக்கத்தில் மொத்தமாகக் கொடுக்கப் பணமும் இருக்கும் குடும்பங்கள் தயங்காமல் இப்படி ஒரு கடையைப் பிடித்துக்கொள்ளலாம். ஆனால், முதல் மாதம் நேரில் போய் நின்று, சரக்கு இல்லாதபோது என்ன செய்வீர்கள் என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள். எங்கள் கடையில் அந்தப் பழக்கம் இப்போது படிந்துவிட்டது. இந்த மாதம் வந்த சிட்டையில் கசகசாவுக்கு மட்டும்தான் வட்டம். முந்தைய நாள் மாலையே அண்ணாச்சி அழைத்துச் சொல்லிவிட்டார்.