தைப்பூசத்துக்குள் குதிகால் வலி தீருமா? ஊசியும் பயிற்சியும்

மொரீஷியஸில் தைப்பூசம் நெருங்கினாலே அறுபதைத் தாண்டியவர்கள் கேட்பது இதுதான்: "குதிகாலுக்கு மேலே பின்பக்கம் வலிக்குது, காவடி எடுக்கணும், ஒரு ஊசி போட்டுக்கலாமா?" காத்ர் போர்ன் மலைக் கோவிலின் படிகளை வெறுங்காலோடு ஏறுகிறவர்களுக்கு கெண்டைக்காலைக் குதிகாலோடு இணைக்கும் அந்தத் தசைநாண்தான் (அக்கிலிஸ்) ஆதாரம்.

ஸ்டீராய்டு ஊசியை நான் வேண்டாம் என்றே சொல்வேன். சில வாரம் வலி அடங்கும். தசைநாண் வலுப்படாது, அறுந்துபோகும் ஆபத்து கூடும். வலி தெரியாத காலில் பாரத்தோடு படியேறுவதை நினைத்தாலே பயமாக இருக்கிறது.

பயிற்சியில் இரண்டு வழிகள். 1998இல் ஸ்வீடனின் எலும்பு மருத்துவர் ஆல்ஃபிரட்சன் சொன்னது: படி விளிம்பில் முன்பாதம் ஊன்றி, இரு காலாலும் எழும்பி, வலிக்கும் காலில் மட்டும் மெல்ல இறங்குவது. முட்டியை நீட்டி 15 முறை மூன்று சுற்று, மடக்கி அதே அளவு, காலையும் மாலையும், 12 வாரம். ஒரு நாளுக்கு 180 முறை! மற்றது, வாரத்தில் மூன்றே நாள், எடையோடு, மூன்று நொடி குதிகாலை உயர்த்தி மூன்று நொடி இறக்குவது. பலன் ஏறக்குறைய ஒன்றே. வயதானவர்களுக்கு நான் இரண்டாவதையே சொல்வேன். விடாமல் செய்ய முடிகிறது. முதலில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இரு காலால். பழகியதும் முதுகுப்பையில் ஒரு கிலோ அரிசிப் பொட்டலம், பிறகு இரண்டு. மறுநாள் காலை விறைப்பு கூடினால் எடையைக் குறையுங்கள். ஜனவரி கடைசியில் பூசம் என்றால் அக்டோபரிலேயே தொடங்க வேண்டும்.

வலி குதிகால் எலும்பை ஒட்டியே இருந்தால் படி விளிம்பு ஆகாது, சமதரைதான். செருப்புக்குள் குதிகால் மெத்தை வைக்கலாம்.

மூன்று மாதப் பயிற்சியிலும் தீரவில்லையா? பயிற்சியோடு அதிர்வலை சிகிச்சையை (வலிக்கும் இடத்தில் கருவியால் அதிர்வு கொடுப்பது) சேர்த்துப் பார்க்கலாம். சொந்த ரத்தத்தைப் பிரித்துப் போடும் பிஆர்பி ஊசிக்குக் காசு செலவழிக்க வேண்டாம்: 2021இல் வெளியான, 240 பேரை வைத்துச் செய்த பிரிட்டன் ஆய்வில் அது வெறும் போலி ஊசியை மிஞ்சவில்லை. அறுவை சிகிச்சை கடைசி. தேறப் பல மாதம் ஆகும். சர்க்கரை உள்ளவர்களுக்குப் புண் ஆறவும் தாமதமாகும். இங்கே பெரியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை.

உள்கணுக்காலில் வலித்து, பாதத்தின் வளைவு தட்டையாகிக்கொண்டே வந்தால் அது வேறு தசைநாண். அதற்கு முதலில் வேண்டியது பாதம் தாங்கும் உள்ளட்டை. அவர்கள் இந்த வருஷம் வெறுங்கால் ஊர்வலத்தைத் தவிர்த்தே ஆக வேண்டும். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை சாப்பிடும்போது குதிகால் வலி புதிதாக வந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். அறுபதுக்கு மேல் அவை தசைநாணை அறுக்கக்கூடும். பின்னங்காலில் யாரோ உதைத்தது போல 'பட்'டென்று கேட்டு, நுனிக்காலில் நிற்க முடியாமல் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்தான், தள்ளிப்போடாதீர்கள்.