கடைக் கம்ப்யூட்டரில் கேடிஇ பிளாஸ்மா: நோட்டிபிகேஷன் பற்றி மட்டும்

கிருஷ்ணகிரியில் டிசைனிங், பிரிண்டிங் கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, பில் புக், மாங்கூழ் கம்பெனிகளுக்கு லேபிள், மாங்கனிக் கண்காட்சி சமயத்தில் ஃப்ளெக்ஸ் என எல்லா வேலையும் குபுண்டு போட்ட ஒரே கம்ப்யூட்டரில்தான். குபுண்டு என்பது லினக்ஸில் ஒரு வகை, அதில் வரும் டெஸ்க்டாப்தான் கேடிஇ பிளாஸ்மா. 20.04 பதிப்பில் ஆரம்பித்து, 22.04-க்கு மாறி, இப்போது 24.04-இல் இருக்கிறேன். ஆக, பிளாஸ்மா 5.18, 5.24, 5.27 என மூன்றிலும் வேலை பார்த்தாயிற்று. சொல்ல நிறைய இருந்தாலும் நோட்டிபிகேஷனை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கடையில் நாள் முழுக்க அதோடுதான் மல்லுக்கட்டு.

பிடித்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். வருகிறவர்கள் ஃபைலை வாட்ஸ்அப்பில்தான் அனுப்புவார்கள். பிரவுசரில் பிளாஸ்மாவுக்கான இன்டக்ரேஷன் எக்ஸ்டென்ஷனைப் போட்டுவிட்டால், டவுன்லோடு எவ்வளவு முடிந்தது என்பது கீழே பேனலில் இருக்கும் நோட்டிபிகேஷன் ஐகானிலேயே வட்டமாக ஓடும். முடிந்ததும் மூலையில் பாப்-அப் வரும். அதில் இருக்கும் ஃபைலை மவுஸால் பிடித்து இழுத்து நேராக இங்க்ஸ்கேப் என்ற டிசைன் அப்ளிகேஷனில் போட்டுவிடலாம். டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்து, ஒரே மாதிரி பெயருள்ள இருபது படங்களுக்கு நடுவே தேட வேண்டியதில்லை. பாப்-அப் சாதாரணமாக ஐந்து நொடியில் போய்விடும். ஆனால் மவுஸை அதன் மேல் வைத்திருக்கும்வரை நகராது. சின்ன விஷயம்தான், யாரோ உட்கார்ந்து யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

பின்னால் நடப்பது எளிமையானது. லினக்ஸ் டெஸ்க்டாப்புகளுக்குப் பொதுவாக ஃப்ரீடெஸ்க்டாப் என்ற திட்டம் வகுத்த ஒரு வரையறை உண்டு. அப்ளிகேஷன் தன் செய்தியை டி-பஸ் (அப்ளிகேஷன்கள் தங்களுக்குள் செய்தி பரிமாறும் வழி) மூலமாக அனுப்பும், எங்கே எப்படிக் காட்டுவது என்பது டெஸ்க்டாப்பின் பொறுப்பு. செய்தியோடு குறைவு, சாதாரணம், அவசரம் என்று மூன்றில் ஒரு நிலையும் வரும். அவசரம் என்று வந்தது தானாக மறையக் கூடாது, நாம் மூடினால்தான் போக வேண்டும். இதில் சிக்கல் என்னவென்றால், எது அவசரம் என்று முடிவு செய்வது அனுப்புகிற அப்ளிகேஷன். பழைய செய்தியை அதே இடத்தில் புதுப்பிக்கவும் வரையறையில் வழி இருக்கிறது. அதைப் பயன்படுத்தாத அப்ளிகேஷன்கள் ஒரே விஷயத்தை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போகும். இதற்கு டெஸ்க்டாப்பைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஆனால் டெஸ்க்டாப்பைக் கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது. கம்ப்யூட்டர் முன்னால் ஒரே ஆள்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தே இவை எல்லாம் செய்யப்பட்டிருக்கின்றன. கடையில் அப்படி இல்லை.

போன சீசனில் ஒரு மாங்காய் மண்டிக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து பில் புக்குக்கு புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து இன்னொரு மண்டிக்காரரின் வாட்ஸ்அப் செய்தி மூலையில் வந்தது. பெங்களூரா ரகத்துக்கு அன்றைய விலையைப் போட்டு, போர்டுக்கு பிரிண்ட் எடுத்து வைக்கச் சொல்லியிருந்தார். இருவரும் ஒரே ஊரில் வியாபாரம் செய்கிறவர்கள். பக்கத்தில் இருந்தவர் படித்துவிட்டு, "அண்ணே, அவரு இந்த ரேட்டா போடுறாரு?" என்று கேட்டார். ஐந்து நொடி போதும், படிக்க வேண்டியதைப் படித்துவிடலாம்.

வாட்ஸ்அப் வெப்பின் செட்டிங்ஸில் செய்தியின் உள்ளடக்கத்தைக் காட்டாமல் வைக்கலாம், அன்றே அதை மாற்றிவிட்டேன். ஆனால் ஒவ்வொரு அப்ளிகேஷனுக்குள்ளும் போய் இப்படித் தேடிக்கொண்டிருக்க முடியாது, எல்லாவற்றிலும் அந்த வசதியும் இருக்காது. க்னோம் என்ற இன்னொரு லினக்ஸ் டெஸ்க்டாப்பில் இது டெஸ்க்டாப் செட்டிங்ஸிலேயே இருக்கிறது. எந்த அப்ளிகேஷனை வேண்டுமானாலும் தேர்ந்தெடுத்து, பாப்-அப் வரட்டும், உள்ளே இருப்பது மட்டும் தெரிய வேண்டாம் என்று சொல்லலாம். பிளாஸ்மா 5.27-இல் பாப்-அப் வேண்டுமா, ஹிஸ்டரியில் வைக்கலாமா, சத்தம் வேண்டுமா என்றெல்லாம் அப்ளிகேஷன்வாரியாக இருக்கிறது, இந்த ஒன்றைக் காணோம். இவ்வளவு செய்தவர்கள் இதையும் செய்ய வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறேன்.

நோட்டிபிகேஷனை அப்ளிகேஷன்வாரியாகச் சேர்த்துக் காட்டுவதில் பிளாஸ்மாதான் முந்தி. க்னோமுக்கு அது 2025 மார்ச்சில் வந்த 48-ஆம் பதிப்பில்தான் கிடைத்தது.

ஹிஸ்டரி விஷயத்தில் ஒரு மனக்குறை. காலையில் வந்த ஆர்டர் செய்திகளை மதியம் ஹிஸ்டரியைத் திறந்து வரிசையாகப் பார்ப்பது என் வழக்கம். கரண்ட் போய், யூபிஎஸ்ஸும் கைவிட்டு, கம்ப்யூட்டர் திரும்ப ஆன் ஆனால் ஹிஸ்டரி காலியாக இருக்கும். அது டிஸ்கில் எழுதிவைக்கப்படுவதில்லை. மே, ஜூனில் இது அடிக்கடி நடக்கிறது. அதனால் முக்கியமான ஆர்டரை நோட்டில் எழுதாமல் விடுவதில்லை.

இப்போது கடையில் வைத்திருக்கும் ஏற்பாட்டையும் சொல்கிறேன், இதே மாதிரி கடை வைத்திருப்பவர்களுக்கு உதவும். வாடிக்கையாளர் பக்கம் திருப்பி இன்னொரு மானிட்டர் வைத்தேன், இரண்டிலும் ஒரே காட்சி. இரண்டு திரைகள் ஒரே காட்சியைக் காட்டும்போது 'தொந்தரவு செய்யாதே' நிலைக்குத் தானாகப் போகும் வசதி பிளாஸ்மாவில் இருக்கிறது. பிரசன்டேஷன் கொடுப்பவர்களுக்காகச் செய்தது போலிருக்கிறது, மண்டிக்காரருக்கும் அப்படியே பொருந்துகிறது. புரூஃப் காட்டும் நேரம் முழுக்க சாதாரணச் செய்தி எதற்கும் பாப்-அப் வராது, எல்லாம் ஹிஸ்டரிக்குப் போய்விடும். வாடிக்கையாளர் எழுந்ததும் அந்த மானிட்டரை அணைத்துவிட்டு, பெல் ஐகானைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பேன்.

பிரிண்டருக்கு மட்டும் விதிவிலக்கு. அப்ளிகேஷன் பட்டியலில் அதற்கு 'தொந்தரவு செய்யாதே' நிலையிலும் காட்டலாம் என்று டிக் போட்டிருக்கிறேன். பேப்பர் தீர்ந்தால் யார் உட்கார்ந்திருந்தாலும் தெரியத்தான் வேண்டும். இரவு ஃபைல்களை வெளி ஹார்ட் டிஸ்கில் காப்பி எடுக்கும் சின்ன ஸ்கிரிப்டின் கடைசியிலும், நோட்டிபிகேஷன் அனுப்பும் நோட்டிஃபை-செண்ட் கட்டளை ஒன்று இருக்கிறது. காப்பி நன்றாக முடிந்தால் சாதாரண நிலை, டிஸ்க் மாட்டாமல் இருந்தால் அவசரம். அவசரம் என்று வந்தது காலையில் நான் வந்து மூடும்வரை அப்படியே நிற்கிறது. தமிழில் எழுதிய செய்தியும் எழுத்து உடையாமல் வருகிறது.