பழுப்பு வரைபடம்: பல பருவங்கள் பழகியபின்

வரைபடமும் திசைகாட்டியும் வைத்துக் காட்டில் குறித்த இடங்களைத் தேடி ஓடும் ஓரியன்டேரிங் விளையாட்டை இந்த வருடம் தொடங்கிய நண்பர் ஒருவர், வரைபடம் வாசிக்க எந்தப் பயிற்சி உண்மையில் உதவியது என்று கேட்டிருந்தார். ஒஸ்லோவைச் சுற்றியுள்ள காடுகளில் வருடக்கணக்காகச் செய்துவருவதை வைத்துச் சொல்கிறேன். வரைபடத்தை வடக்குக்குத் திருப்பிப் பிடிப்பது, மடித்துப் பெருவிரலை நிற்கும் இடத்தில் வைத்துக்கொண்டே போவது எல்லாம் அவருக்குத் தெரியும்.

கோட்டுப் பயிற்சியில் குறையே சொல்ல முடியாது. வரைபடத்தில் ஒரு கோடு கீறியிருக்கும், போஸ்டுகள், அதாவது தேடிப் போக வேண்டிய கொடி வைத்த இடங்கள், குறித்திருக்காது. கோட்டை விட்டு விலகாமல் போனால் கொடிகள் கண்ணில் படும். கண்ட இடத்தைத் தாளில் குறிக்க வேண்டும். பாறை, சதுப்பு, வேலி என்று ஒன்றையும் விடாமல் வாசிக்க வைக்கும். அடுத்த போஸ்டை மனத்தில் பதித்துக்கொண்டு, வரைபடத்தைப் பார்க்காமல் போகும் நினைவுப் பயிற்சியும் நல்லதுதான்.

என் தலைவலி பழுப்பு வரைபடம். பாதை, ஓடை, சதுப்பு, பாறை, அடர்ந்த காட்டைக் காட்டும் பச்சை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் பழுப்பு நிறச் சமவுயரக் கோடுகளை மட்டும் விட்ட தாள். நூர்மார்க்கா காட்டுக்குள் இதைக் கொண்டுபோய்விட்டுக் கோபப்படாமல் திரும்பிய நாள் குறைவு. கோடுகளுக்கு இடையே உயர வித்தியாசம் 5 மீற்றர். 3 மீற்றர் மேடு ஒன்று இரண்டு கோடுகளுக்கு நடுவில் விழுந்துவிட்டால், வரைந்தவர் மனம்வைத்து இடையில் முறிகோடு (விட்டுவிட்டு வரையும் துணைக்கோடு) போட்டாலொழிய, தாளில் அது இல்லவே இல்லை. ஊசியிலை மரங்களுக்கு நடுவே நிற்கும்போதோ அதைவிடப் பெரிய மேடு அந்தப் பக்கம் இல்லை போலத் தெரியும். கோடுகள் அகன்று கிடக்கும் இடம் நல்ல சமதரை என்று இறங்கினால், முழங்கால் வரை சதுப்பு. சதுப்பைத் தாளிலிருந்து எடுத்தது நாங்கள்தான், வரைபடத்தை நோவதில் நியாயமில்லை. ஆனாலும் எரிச்சல் எரிச்சல்தான்.

தயாரிப்பதும் லேசில்லை. பிடிஎஃப் போதாது, வரைந்தவரின் மூலக் கோப்பு வேண்டும். அது கிடைத்தால், ஓப்பன் ஓரியன்டேரிங் மேப்பர் என்ற இலவச வரைபட மென்பொருளில் மற்றக் குறியீடுகளை மறைத்துவிடலாம். அப்புறம் வீட்டு அச்சுப்பொறி மெல்லிய பழுப்பை ஒழுங்காக அடித்துத் தர வேண்டும். போஸ்டைச் சுற்றிய ஊதா வட்டம் தடித்துப்போனால், வாசிக்க வேண்டிய வளைவே அதற்குள் ஒளிந்துவிடும்.

சரி, என்ன கிடைத்தது? முழு வரைபடத்தைக் கையில் எடுத்தால் முன்பெல்லாம் கறுப்புப் பாதைகள்தான் முதலில் தெரியும். இப்போது பழுப்பு முந்திக்கொண்டு வருகிறது. மூன்று கோடுகள் மேட்டுப் பக்கம் கூராக வளைந்தால் அது சின்னப் பள்ளத்தாக்கு என்று புத்தகமும் சொல்லும். ஆனால் அதைக் குறுக்கே கடக்கையில், இறக்கம் நின்று ஏற்றம் தொடங்கும் இடத்தைக் கால் பிடித்துக்கொள்கிறது. அந்தக் கணமே விரல் தாளில் கூர்முனைக்கு நகர்கிறது. இது வேறு எந்தப் பயிற்சியிலும் எனக்கு வரவில்லை.

புள்ளி போட்டால் கோட்டுப் பயிற்சிதான் வெல்லும். ஆனால் கிழமைக்கு ஒரு மாலைதான் கிடைக்கும் என்றால், பழுப்பையே எடுங்கள். பன்னங்கள் வளருமுன் மே மாதத்தில், ஒரு பக்கம் ஏரியும் மறுபக்கம் அகலமான காட்டுப் பாதையும் இருக்கும் சின்ன இடமாக, 1:10 000 அளவுத்திட்டத்தில். வழி தவறினால் பார்க்க, முழு வரைபடத்தை மடித்து, டேப் ஒட்டிப் பையில் வைத்திருங்கள்.