எச்சரிக்கை: 160 திர்ஹம் பழுதுக்கு 3,850 திர்ஹம் பறிகொடுத்தேன்

ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் பழைய பெட்ரோல் பிக்கப்பை கராஜில் விடப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். உண்மை எனக்கு நேற்று மாலைதான் தெரிந்தது. இரவு முழுவதும் தூக்கமில்லை. நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தப் பழுதை எப்படிக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதைக் கடைசியில் வரிசையாக எழுதுகிறேன்.

என் வண்டி 2008 மாடல், 2.7 லிட்டர், நான்கு சிலிண்டர் பெட்ரோல் பிக்கப். மூன்று லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. ஏசி பழுதுபார்க்கும் வேலை எனக்கு. ஏணியும் கேஸ் சிலிண்டரும் கருவிப்பெட்டியும் ஏற்றிக்கொண்டு ஷார்ஜா, அஜ்மான், சில நாள் ராஸ் அல் கைமா வரை ஓடுவேன். வண்டி நின்றால் என் வருமானமும் நின்றுவிடும்.

போன மாதம் தொந்தரவு ஆரம்பித்தது. காலையில் எதுவும் தெரியாது. மத்தியான வெயிலில், ஏசி போட்டு, சுமையோடு அரை மணி நேரம் ஓடிய பிறகு, மேம்பாலம் ஏறும்போது எஞ்சின் விக்கும். யாரோ பின்னாலிருந்து வண்டியைப் பிடித்து இழுப்பதுபோல இருக்கும். செக் எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னும். ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். இப்படி வந்து வந்து போகும் மிஸ்ஃபயர்தான் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் தவறுவது) ஏமாற்றுகிறவர்களுக்கு வசதி. கராஜுக்குக் கொண்டுபோகும் நேரத்தில் வண்டி நன்றாக இருக்கும். அவர்கள் சொல்வதை நாம் நம்பித்தான் ஆக வேண்டும்.

கராஜின் பெயரை எழுதவில்லை. ஆறேழு லிப்ட் போட்ட, கண்ணாடி அறை வைத்த பெரிய கராஜ். அங்கே ஃபோர்மேன் ஒரு தமிழர், என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். நான் வாயைத் திறந்ததுமே, "அண்ணே, ராமநாதபுரம் பக்கமா? நானும் அங்கேதான்" என்றார். சுலைமானி, அதாவது பால் சேர்க்காத தேநீர், வரவழைத்தார். என் அப்பா என்ன வேலை பார்த்தார் என்றுகூடக் கேட்டார். பதினோரு வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். ஊர்ப் பேச்சைக் கேட்டதும் மனம் இளகிவிட்டது. அந்த இடத்தில்தான் நான் விழுந்தேன்.

வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான பழுதுக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினார். திரையில் பி0303 என்று வந்ததை என் கண்ணால் பார்த்தேன். அதற்கு என்ன அர்த்தம் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர் என்பதுதான் அர்த்தம். அதை அவர் சொல்லவில்லை. உடனே அழித்துவிட்டு, "அண்ணே, பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் நான்கும் போய்விட்டது. பம்ப் அழுத்தம் கொடுக்கவில்லை. அதனால் கம்ப்யூட்டரும் அடி வாங்கியிருக்கிறது. உங்களிடம் போய்ப் பொய் சொல்வேனா?" என்றார். அழுத்தத்தை அளக்க கேஜ் எதையும் அவர் மாட்டவில்லை. வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. நான் சாவியைக் கொடுத்துவிட்டேன்.

ஐந்து நாள் கழித்து ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தார்கள். இன்ஜெக்டர் 1,400. பெட்ரோல் பம்ப் 750. கம்ப்யூட்டர் சரிசெய்ய 1,100. புது ஸ்பார்க் பிளக் நான்கு 240. கூலி 360. மொத்தம் 3,850 திர்ஹம். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு ஊருக்கு அனுப்ப வைத்திருந்த பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பழைய பாகங்கள் எங்கே என்று கேட்டதற்குக் குப்பையில் போய்விட்டது என்றார்கள்.

இரண்டாம் நாள் மத்தியானமே அதே மேம்பாலம், அதே விக்கல், அதே விளக்கு.

திரும்பிப் போனேன். "புது இன்ஜெக்டர் படிய 200 கிலோமீட்டராவது ஓட வேண்டும் அண்ணே" என்றார். ஓட்டினேன். மறுபடி போனால், "நீங்கள் போடும் பெட்ரோல் சரியில்லை, வேறு பங்கில் போடுங்கள்" என்றார். அதையும் செய்தேன். மூன்றாவது முறை போனபோது சுலைமானியும் இல்லை, அண்ணே என்ற பேச்சும் இல்லை. முதலாளி ஊருக்குப் போயிருக்கிறார், அடுத்த வாரம் வாருங்கள் என்று நின்ற இடத்திலேயே சொல்லி அனுப்பிவிட்டார். அதன் பிறகு போனை எடுப்பதில்லை. கடைசியாக ஒரு குரல் பதிவு மட்டும் வந்தது: கியர்பாக்ஸைப் பார்க்க வேண்டியிருக்கும், 1,500 ஆகும் என்று. அதைக் கேட்டபோது கை நடுங்கியது.

நேற்று ஒரு வாடிக்கையாளர் சொல்லி, அஜ்மானில் ஒற்றை ஷட்டர் வைத்திருக்கும் ஒரு மலையாளி மெக்கானிக்கிடம் போனேன். அறுபது வயதிருக்கும். காலையில் வண்டியை வாங்கவே மறுத்துவிட்டார். "எப்போது பழுது காட்டுமோ அப்போது கொண்டுவா" என்றார். மத்தியானம் இரண்டு மணிக்குப் போனேன். ஸ்கேனரை மாட்டி மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். நாற்பது நிமிடம் ஓட்டவைத்தார். விக்கல் வந்ததும் திரையைக் காட்டினார். மூன்றாவது சிலிண்டரில் மட்டும் மிஸ்ஃபயர் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தது. மற்ற மூன்றிலும் பூஜ்யம்.

இந்த எஞ்சினில் ஒவ்வொரு பிளக்குக்கும் மேலே, அது பொறி விட மின்சாரம் கொடுக்கும் ஒரு இக்னிஷன் காயில் தனியாக உட்கார்ந்திருக்கும். மூன்றாவது காயிலைக் கழற்றி முதலாவதில் வைத்தார், முதலாவதை மூன்றில் வைத்தார். பத்து நிமிட வேலை. மறுபடி ஓட்டினோம். இப்போது முதல் சிலிண்டரில் எண்ணிக்கை ஏறியது, மூன்று அமைதியாகிவிட்டது. பழுது காயிலோடு சேர்ந்து நகர்ந்துவிட்டது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

காயிலின் அடியில் இருக்கும் ரப்பர் குழாயை வெயிலில் திருப்பிக் காட்டினார். உள்பக்கம் சாம்பல் நிறத்தில் முடி போல ஒரு கோடு. மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் அந்த வழியாகக் கசிந்திருக்கிறது. காயிலுக்குள் இருக்கும் மின்காப்பும் சூட்டில் தளர்ந்துவிடும், ஆறினால் மறுபடி தாங்கும், அதனால்தான் காலையில் தெரியவில்லை என்றார். இன்னொன்றும் சொன்னார். பம்ப் பழுதென்றால் நான்கு சிலிண்டருக்கும் பெட்ரோல் குறையும், மூன்றாவது மட்டும் தனியாகத் தவறாது. இந்த ஒரு கேள்வியை அன்றைக்கு நான் கேட்டிருந்தால் 3,850 திர்ஹம் என் கையில் இருந்திருக்கும்.

பிளக்கையும் கழற்றினார். 240 திர்ஹம் வாங்கிய "புது" பிளக்! பீங்கானில் பழுப்புக் கறை ஏறியிருந்தது, முனை தேய்ந்து உருண்டையாகிவிட்டது. அவை ஆண்டுக்கணக்கில் ஓடிய பிளக்குகள். என் பழைய பிளக்கையே துடைத்துத் திரும்பப் போட்டிருக்கிறார்கள். இன்ஜெக்டரைக் கழற்றிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

காயில் 160 திர்ஹம். கூலி 50 போதும் என்றார். நேற்று மாலையும் இன்று மத்தியானமும் ஓட்டிவிட்டேன், விக்கல் இல்லை.

புகார் கொடுக்கலாம் என்று பார்த்தால் கையில் இருப்பது அந்தத் துண்டுச் சீட்டு மட்டும்தான். கராஜின் பெயர் இல்லை, முத்திரை இல்லை, வரிப்பதிவு எண் இல்லை. 2018 முதல் இங்கே 5 சதவீத வாட் (மதிப்புக்கூட்டு வரி) இருக்கிறது. வாட் வாங்கும் கடை தன் பதிவு எண் போட்ட பில் தர வேண்டும். அன்று அதைக் கேட்காமல் விட்டேன். ஆனாலும் சீட்டையும் குரல் பதிவையும் எடுத்துக்கொண்டு ஷார்ஜா பொருளாதார மேம்பாட்டுத் துறையில் புகார் கொடுக்கப் போகிறேன்.

வரிசையாக எழுதுகிறேன் என்று சொன்னேன். ஆனால் அல் நஹ்தாவில் ஒரு வீட்டில் ஏசி நின்றுவிட்டது, குழந்தை இருக்கிறது என்று இப்போதுதான் அழைத்தார்கள். அவசரத்தில் இவ்வளவுதான்.

ஸ்கேனர் திரையை அழிக்கும் முன் போனில் படம் எடுங்கள். பி0301 முதல் பி0304 வரை வந்தால் கடைசி எண்தான் சிலிண்டர். முதலில் காயிலை இடம் மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். செய்ய மறுத்தால் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். பழைய பாகங்களை உங்கள் கையில் கொடுக்க வேண்டும் என்று வேலைக்கு முன்பே எழுதி வாங்குங்கள். விளக்கு மின்னும்போது தொடர்ந்து ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் போய், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுவிடும், அது இன்னும் பெரிய செலவு. ஊர்ப் பெயரைச் சொல்லித் தேநீர் கொடுப்பவரிடமும் பில் கேளுங்கள்.