பணியாரக் கடையும் 32 லட்சம் கோடி டாலர் கணக்கும்

காரைக்குடி கல்லுக்கட்டிப் பக்கம் ஒரு சின்னப் பலகாரக் கடை. வாரம் இரண்டு நாளாவது அம்மானோடு போவேன். வெள்ளைப் பணியாரம் ஓரத்தில் மொறுமொறு, நடுவில் பஞ்சு. கூட வரும் மிளகாய்த் துவையல்தான் எனக்கு உயிர். காப்பி சுமார், இரண்டு முறை ஆறித்தான் வந்தது.

ஆனால் யாரும் எழுந்திருக்கச் சொல்லாத கடை. அதனால்தான் போன வாரம் ஒன்றரை மணி நேரம் வாதாட முடிந்தது. 2016 அமெரிக்க அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் போட்டியில் இருந்த பெர்னி சாண்டர்ஸ், எல்லோருக்கும் அரசே மருத்துவக் காப்பீடு தரும் என்றார். பத்து ஆண்டில் மத்திய அரசுக்குக் கூடுதலாக 32 லட்சம் கோடி டாலர் ஆகும் என்று அர்பன் இன்ஸ்டிடியூட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் கணக்கிட்டது.

"அவர் சொன்ன வரியெல்லாம் சேர்ந்தே 15.3 லட்சம் கோடிதான். வரவு இல்லாமல் பற்று எழுதலாமா மாப்பிள்ளை?" என்றார் அம்மான். வட்டிக்கடைக் கணக்கில் வளர்ந்தவர், ஐந்தொகை போடாமல் எதையும் நம்ப மாட்டார்.

நான் விடவில்லை. தனியார் காப்பீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மக்கள் கட்டும் பணம் மிச்சமாகுமே, அதையும் எழுதுங்கள் அம்மான் என்றேன். அதே அறிக்கைப்படி நாட்டின் மொத்த மருத்துவச் செலவு கூடுவது 6.6 லட்சம் கோடிதான். வரி போதாது என்பது சரி, ஒப்புக்கொண்டேன். ஆனால் 32-ஐ மட்டும் சொல்லிப் பயமுறுத்துவது நியாயமில்லை. கடைக்கார ஆச்சி, நாங்கள் கேட்காமலே இன்னொரு கரண்டி துவையல் வைத்தார்.

ஆறு மணிக்குள் போய்விடுங்கள். அப்புறம் பணியாரம் இருக்காது.